நாதாங்கி

1

திண்டுக்கல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடுவதில்லை. ஒன்று மலைக்கோட்டை, மற்றொன்று பூட்டு. சமீப காலமாகப் பிரியாணியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதை இப்போது விட்டுவிடலாம். கோட்டையையும் பூட்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கோட்டை காவலுக்கு, பூட்டும் காவலுக்கு. ஆகவே காவல் என்பதே இவ்வூரின் சுபாவம் என்ற முடிவு கேட்காமலே வந்து விழுகிறது. ஊர்ப்பெருமை எழுதுபவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நெல்சன் 1868-இல் வெளியிட்ட மதுரை நாட்டு வரலாற்றிலும், ஃபிரான்சிஸ் 1906-இல் தொகுத்த மதுரை கெஸட்டியரிலும் முற்றுகைகளுக்குக் குறைவில்லை. அவற்றிலிருந்து நாலு வருஷங்களை எடுத்துப் பூட்டின் தலையில் கட்டிவிட்டால் ஒரு ஸ்தலபுராணம் தயார்.

அந்த நாலு வருஷங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் பாறைமேல் கோட்டை எழுந்தது. 1755-இல் மைசூரின் ஃபௌஜ்தாராக இங்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞர்களின் துணையோடு பீரங்கிப்படையும் ஆயுதச்சாலையும் அமைத்தான். 1790-இல் கர்னல் ஸ்டூவர்ட் கோட்டையைப் பிடித்தான். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஊர் கம்பெனிக்குப் போயிற்று. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இவற்றில் எதுவும் பூட்டைப் பற்றியும் இல்லை.

கோட்டைக் கதவின் பலம் பூட்டில் இருந்ததே கிடையாது. உட்புறம் குறுக்கே கிடத்தும் கணையமரத்தில் இருந்தது. கணையமரத்தைப் போட உள்ளே ஆள் வேண்டும். எடுக்கவும் உள்ளே ஆள் வேண்டும். உள்ளே ஆள் இருக்கிற வரையில்தான் கோட்டை கோட்டை. பூட்டின் காரியம் இதற்கு நேர் எதிரானது. வீட்டில் ஒருவரும் இல்லாதபோது, இல்லாதவர் சார்பாக வெளியே தொங்குவது அது. கணையமரத்துக்கும் பூட்டுக்கும் நடுவில் கதவின் சரித்திரம் முழுவதும் கிடக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் நாம் 'பூட்டு நகரம்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கட்டுரை அந்த நடுவில் கிடப்பதைப் பற்றியது. இன்னும் குறிப்பாக, சரியாகச் சாத்திக்கொள்ளாத ஒரு வீட்டுக் கதவைப் பற்றியது. அது வரலாற்றுக்குப் பொருளாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும் என்பதே என் அபிப்பிராயம். பூட்டு செய்வதில் இருக்கும் வித்தையும், கதவைச் சாத்தவைப்பதில் இருக்கும் வித்தையும் ஒன்றுதான். அதற்குப் பெயர் பொருத்தம். அது நம்முடைய ஊர்ச்சரித்திரங்களில் எங்கும் இடம்பெறவில்லை.

2

சொற்களிலிருந்து தொடங்குவது நம்மைப் போன்றவர்களுக்குப் பழக்கம். இந்த விஷயத்தில் அது பயனுள்ள பழக்கமும்கூட.

பழைய இலக்கியத்தில் கதவோடு சேர்ந்து வருவது தாழ். வள்ளுவர் அன்புடைமையின் முதல் குறளில், அன்பை அடைத்து வைக்க முடியாது என்று சொல்ல வருகிறார். அங்கே அவர் கைக்கு அகப்படும் பொருள் தாழ்தான், பூட்டு அல்ல. தாழ் உள்ளேயிருந்து இடுவது. இட்டவர் உள்ளே இருக்கிறார். அதனால்தான் கண்ணீர் அவரைக் காட்டிக்கொடுக்க முடிகிறது. அந்த இடத்தில் பூட்டை வைத்துப் பாருங்கள், அர்த்தம் கெட்டுவிடும். பூட்டிய வீட்டில் அழுவதற்கு யாரும் இல்லை.

நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை வாயிலைச் சொல்லும் பகுதி இன்னும் முக்கியமானது. அரசன் போர்ப்பாசறையில் இருக்கிறான். அரசி வாடையில் காத்திருக்கிறாள். அந்த அரண்மனைக் கதவைப் பார்க்கிறபோது புலவர் கண் ஒரு தச்சனின் கண்ணாக மாறிவிடுகிறது. பருத்த இரும்பால் பிணித்தது, செவ்வரக்குப் பூசியது, இரட்டைக் கதவு, மேலே உத்தரம், தாழோடு சேர்த்துச் செய்த இணைப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, கைத்திறன் மிக்க கம்மியன் இறுக்கி முடுக்கியதால் அதில் இடைவெளியே இல்லை என்கிறார். நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பிய நிலையையும் விடவில்லை. கதவின் அழகைச் சொல்ல வந்த இடத்தில் அது பொருந்தியிருப்பதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு கவிஞனுக்குத் தோன்றியிருக்கிறது. பின்னால் வந்த வாயில் வர்ணனைகளில் பொன்னும் மணியும் கூடிக்கொண்டே போயின. கம்மியனின் முடுக்கலைப் பார்த்த அந்தக் கண் அவ்வளவாகக் காணப்படவில்லை.

கம்மியன் என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். மரம், இரும்பு என்று அது பிரித்துப் பேசவில்லை. கம்மாளர் என்று பின்னால் அறியப்பட்ட ஐந்து தொழிலாரில் தச்சரும் கொல்லரும் தனித்தனிதான் என்றாலும் ஒரே கூட்டத்தார். ஒரு கதவு நிறைவேற இருவரும் ஒரே வாசலில் நின்றாக வேண்டும்.

திருமறைக்காட்டுக் கதை எல்லோரும் அறிந்தது. வேதங்கள் பூசித்துச் சாத்திவிட்டுப் போன கதவு. அடியார்கள் பக்க வாயில் வழியாகப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். அப்பர் பாடுகிறார், கதவு தாமதித்துத் திறக்கிறது. சம்பந்தர் பாடுகிறார், முதல் பாட்டிலேயே மூடிக்கொள்கிறது. இதை இரண்டு அருளாளர்களின் தராதரத்தைப் பற்றிய கதையாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் நோக்கம் வேறு: அந்தக் கதவு இனிமேல் திறக்கவும் அடைக்கவும் வழக்கத்துக்கு வர வேண்டும். திறந்ததோடு காரியம் முடியவில்லை என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. திறக்க மட்டுமே தெரிந்த கதவு சுவரில் ஒரு ஓட்டைதான்.

பூட்டு என்ற சொல்லுக்கு வருவோம். இது முதலில் வினை. ஏரில் மாட்டைப் பூட்டுகிறோம், வில்லில் நாணைப் பூட்டுகிறோம், கழுத்தில் நகையைப் பூட்டுகிறோம். எங்கும் அர்த்தம் ஒன்றே: பிரிந்திருக்கும் இரண்டு நுனிகளைச் சேர்ப்பது. இலக்கணக்காரர்களுக்கும் இது தெரியும். செய்யுளின் கடைசிச் சொல் முதற்சொல்லோடு போய்ச் சேர்ந்து பொருள் தருவதைப் பூட்டுவிற் பொருள்கோள் என்றார்கள். நன்னூலில் அது விற்பூண். அதில் தடுப்பதோ மறைப்பதோ இல்லை. சேர்ப்பது மட்டும் உண்டு. கள்வனை வெளியே நிறுத்துவது என்ற அர்த்தம் இந்தச் சொல்லின் கடைசிக் காலத்து வேலை. அந்த வேலைக்கு ஒத்தாசையாக வந்த சாவியோ நம்முடைய சொல்லே அல்ல. போர்த்துக்கீசியரோடு ஜன்னல், அலமாரி, மேசை, ஏலம் எல்லாம் வந்த கப்பலில் அதுவும் வந்தது. திறவுகோல் என்று ஒன்று நமக்கு இருந்தும், தெருவில் நிலைத்தது சாவிதான்.

கடைசியாக நாதாங்கி. கதவின் கொண்டியோ தாழ்ப்பாளோ போய் விழுகிற, நிலையில் அறைந்த இரும்பு வளையம். சொல்லைப் பிரித்தால் நா, தாங்கி. நீட்டுகிற நாக்குக்கு ஒரு பெயர் வைப்பது இயல்பு. அந்த நாக்கை வாங்கிக்கொள்கிற இடத்துக்கும் இவ்வளவு துல்லியமாக ஒரு பெயர் வைத்தவர்கள், கதவு சாத்துவது என்றால் என்ன என்று அறிந்தவர்கள். கதவு சரியில்லை என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் நாக்கைத்தான் பார்க்கிறோம். பழுது பெரும்பாலும் மற்ற இடத்தில் இருக்கிறது.

3

ஒரு கதவு ஏன் சாத்திக்கொள்ளாமல் போகிறது? இதற்குப் பதில் சொல்ல, அது எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும்.

பழைய வீடுகளில் குடுமிக் கதவு. கதவுப் பலகையின் ஓரத்திலேயே மேலும் கீழும் குடுமி விட்டுச் செதுக்கி, கீழ்க்குடுமி படியில் உள்ள குழியில் சுழலும். கதவின் பாரம் முழுவதும் நேராகத் தரைக்கு இறங்கிவிடுகிறது. அதற்கு வரும் கோளாறு ஒன்றே ஒன்று, தேய்மானம். வருஷக்கணக்கில் குடுமி தேய, கதவு இம்மி இம்மியாகக் கீழே இறங்கிப் படியில் உரசும். குழியில் ஓர் இரும்புத் துண்டைப் போட்டுத் தூக்கி விடுவார்கள். முடிந்தது.

கீல் வந்ததும் கதையே மாறியது. கீலில் கதவு நிற்பதில்லை, தொங்குகிறது. பாரம் தரைக்குப் போகாமல் பக்கவாட்டில் நிலையை இழுக்கிறது. மேல்கீல் வெளியே பிடுங்கப் பார்க்கிறது. கீழ்க்கீல் உள்ளே அழுத்துகிறது. ஆகவே தளர்வது எப்போதும் மேல்கீலின் திருகாணிகள்தான். கணக்குப் பார்த்தால், 3 அடி அகலக் கதவில் இரண்டு கீல்களுக்கும் இடையே 5 அடி தூரம் இருந்து, மேல்கீல் 5 மில்லிமீட்டர் விலகினால், பூட்டு இருக்கும் மறுவிளிம்பு 3 மில்லிமீட்டர் கீழே இறங்கும். நாக்கு துளையின் அடிவிளிம்பில் போய் முட்ட இது தாராளமாகப் போதும். வீட்டுக்காரர் பூட்டைத் திட்டுவார். குற்றம் 3 அடிக்கு அப்பால் இருக்கிறது.

அடுத்தது பருவம். மரம் தன் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை. குறுக்குவாக்கில் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். திண்டுக்கல் சமவெளி வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் பூமி. மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் நம்பி வரும். அதற்கு முன்னால் ஆடிக்காற்று வந்து சாத்தாத கதவுகளையெல்லாம் அறைந்து கீல்களை ஆட்டிவிட்டுப் போயிருக்கும். கார்த்திகையில் கதவு நிலையை இறுக்கிக்கொண்டு மூட மறுக்கும். உடனே தச்சரைக் கூப்பிட்டு இழைப்புளி போடச் சொல்வது எல்லோரும் செய்வது. விவரம் தெரிந்த தச்சர் தை கழியட்டும் என்பார். கார்த்திகையில் இழைத்த கதவுக்குப் பங்குனியில் விரல் நுழையும் சந்து விழும். ஈரத்தில் உள்ள மரத்தை வைத்து அளவெடுப்பது, காய்ச்சலில் உள்ளவனை வைத்து அவன் சுபாவத்தைத் தீர்மானிப்பது போல.

நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கைப்பிடியைச் சற்று மேலே தூக்கிச் சாத்திப் பார்க்க வேண்டும். அப்போது நாக்கு விழுந்தால் கதவு தொய்ந்திருக்கிறது; வைத்தியம் மேல்கீலுக்கு. தள்ளிப் பிடித்தால்தான் விழுகிறதென்றால் கதவு உப்பியிருக்கிறது, அல்லது பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறியிருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் நாக்கின் நுனியில் கொஞ்சம் குங்குமமோ சுண்ணாம்போ தடவிச் சாத்தினால், அது எங்கே முட்டுகிறது என்று நிலை தானே சொல்லிவிடும். மேல்கீலில் ஆணித்துளை தளர்ந்திருந்தால் மூங்கில் சிம்பைப் பசை தோய்த்து அடித்து, காய்ந்தபின் திருகாணியை மறுபடி முடுக்க வேண்டும். உப்பிய கதவுக்குக் காத்திருக்க வேண்டும். நாதாங்கியில் அரம் வைப்பது கடைசி வைத்தியம்.

நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதல் வேலையாகத் துளையைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். கதவு அன்றைக்குச் சாத்திக்கொள்ளும், சந்தேகமில்லை. ஆனால் நாக்குக்குப் பிடி போய்விட்டது. காற்றடித்தால் இரவெல்லாம் தடதடக்கும். கீல் இன்னும் இறங்கும். துளை இன்னும் பெரிதாகும். நம்முடைய விமர்சன உலகத்தில் அளவுகோல்களுக்கு நடப்பதும் இதுதான் என்று யாராவது சொன்னால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். நம் வீடுகளில் வெகுகாலம் இருந்தது சங்கிலியும் கொண்டியும். சங்கிலிக்கு இழுப்பு உண்டு. கதவு கார்த்திகையில் உப்பினாலும் சித்திரையில் சுருங்கினாலும், அரை விரல் இறங்கினாலும், சங்கிலி எட்டி நாதாங்கியில் விழும். நாதாங்கியில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டால் போதும். துல்லியம் முழுவதும் பூட்டின் வயிற்றுக்குள். கதவுக்கு வேண்டிய நெகிழ்ச்சி வெளியே. கதவின் கனத்துக்குள்ளேயே குடைந்து இறக்கும் ஆங்கிலேய பாணிப் பூட்டோ இதற்கு மாறானது. அது துல்லியத்தை மரத்தினிடம் எதிர்பார்க்கிறது, வருஷத்தில் இருமுறை உடம்பு மாறுகிற மரத்தினிடம். பங்களாக்களிலும் கச்சேரிகளிலும் தொடங்கி இன்று ஒவ்வொரு அடுக்குமாடி வீட்டிலும் அதுதான். கதவு சாத்தாத புகார் வீட்டுக்கு வீடு கேட்பதற்கு, நாம் நெகிழ்ச்சியைக் கொடுத்துத் துல்லியத்தை வாங்கிக்கொண்டதும் ஒரு காரணம்.

4

தொங்கு பூட்டு என்பது, மேலே சொன்னபடி பார்த்தால், ஒரு விசித்திரமான பொருள். நாக்கும் அதைத் தாங்கும் இடமும் இரண்டும் அதன் உள்ளேயே இருக்கின்றன. கதவைக் கழற்றிவிட்டுத் தன்னந்தனியாக வந்துவிட்ட ஒரு சின்ன வாசல் அது. எந்தக் கதவுக்கும் போடலாம், எந்த ஊருக்கும் அனுப்பலாம், எண்ணிக் கூடையில் போட்டு விற்கலாம். கதவைச் செய்கிறவன் அந்த வாசலுக்குப் போயாக வேண்டும். பூட்டைச் செய்கிறவன் தன் பட்டறையை விட்டு நகர வேண்டியதில்லை.

திண்டுக்கல் பூட்டுக்கு வேண்டிய சூழ்நிலையும் அப்படித்தான் அமைந்தது. 1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது. திண்டுக்கல் அதன் பாதையில். புகையிலை, சுருட்டு, தோல் எல்லாம் இங்கு வியாபாரம். ஸ்பென்ஸர் கம்பெனியின் சுருட்டு இங்கிருந்து சீமைக்குப் போயிற்று. திண்ணையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தால் காவல் முடிந்துவிடுகிற வீடு வேறு. சரக்கு மட்டும் இரவில் தனியாகத் தங்குகிற கிடங்கு வேறு. மனிதனில்லாத அறைகள் பெருகியபோதுதான் பூட்டு பெருகிற்று. மானாவாரி நிலத்தை நம்பி முழு வருஷமும் சாப்பிட முடியாத சமவெளியில், வீட்டிலேயே அரம் பிடித்து உட்காரும் தொழில் பரவியதில் ஆச்சரியமில்லை. நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி என்று ஊரின் பகுதிகளிலும் பக்கத்துக் கிராமங்களிலும் பட்டறைகள் வந்தன. வீட்டின் முன்பகுதியே பட்டறை, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. மாங்காய்ப் பூட்டு அதன் வடிவத்தால் பெயர் பெற்றது. கோயில்களும் கிடங்குகளும் கேட்டு வாங்கிய பெரிய பூட்டுகள் உண்டு.

இவற்றில் பெரும்பான்மையானவை நெம்புத் தகடு வகையைச் சேர்ந்தவை. தத்துவம் இதுதான்: உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றையும் கீழே அழுத்தும் ஒரு வில். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு. நாக்கில் ஒரு முளை. எல்லாத் தகடுகளும் சரியான உயரத்துக்கு எழும்பி வெட்டுகள் ஒரே நேர்க்கோட்டில் வந்தால்தான் முளை நுழையும், நாக்கு நகரும். ஒரு தகடு குறைவாக எழுந்தாலும் கூடாது, அதிகமாக எழுந்தாலும் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனைதான் 1778-இல் லண்டனில் பாரன் கண்டது. அதற்கு முன் பூட்டுகளில் தகட்டை எப்படியாவது தூக்கிவிட்டால் போதுமாயிருந்தது. 1818-இல் சப் என்பவர், தவறான சாவி பட்டால் அதைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தார். 1851-இல் லண்டன் பொருட்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சப்பின் பூட்டையும், அதுவரை திறக்கவே முடியாது என்று பந்தயம் கட்டி வைத்திருந்த பிராமாவின் பூட்டையும் திறந்து காட்டினார். அவர் செய்தது மாயம் அல்ல. எந்தப் பூட்டிலும் பாகங்களுக்கு இடையே மயிரிழை தளர்வு இருக்கும். அந்தத் தளர்வினால் எல்லாத் தகடுகளும் ஒரே சமயத்தில் முளையை எதிர்ப்பதில்லை, ஏதாவது ஒன்று முந்திக்கொள்கிறது. அந்த ஒன்றை முதலில் தடவிக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. திருடன் நுழைவது பூட்டின் வழியாக அல்ல, பொருத்தக் குறைவின் வழியாக. நெடுநல்வாடைக் கம்மியனின் முடுக்கலுக்கும் ஹாப்ஸின் கம்பிக்கும் நடுவே நூற்றாண்டுகள் கிடந்தாலும், பேசுகிற விஷயம் ஒன்றே.

திண்டுக்கல் பட்டறையில் ஒரு பூட்டுக்கு அதன் சாவி தனியே அராவப்படுகிறது. தகட்டைப் பார்த்துச் சாவி, சாவியைப் பார்த்துத் தகடு என்று ஒன்றையொன்று திருத்திக்கொண்டு வர வேண்டும். இதற்கு வரைபடம் கிடையாது. கையும் காதும்தான், வெட்டு நேரே வந்து நாக்கு நகரும் சத்தத்தை வைத்து நிறுத்துவார்கள். நான் வேலை பார்ப்பது வங்கியில். அங்கே பெட்டகக் கதவுக்கு இரண்டு சாவி. இரண்டு பேரிடம் தனித்தனியே இருக்கும். இருவரும் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். வாடிக்கையாளர் லாக்கரிலும் முதலில் வங்கியின் சாவி, பிறகு அவருடைய சாவி. பணத்தைப் பற்றிய சந்தேகத்தில் பிறந்த விதி என்று இதை எல்லோரும் நினைக்கிறோம். எனக்கென்னவோ அது பட்டறையின் விதியாகவே படுகிறது. ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் திறப்பதுமில்லை, மூடுவதுமில்லை.

ஆனால் பூட்டைக் கதவிலிருந்து கழற்றிய அதே குணம்தான் பின்னால் திண்டுக்கல்லுக்கு வினையாக வந்தது. எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய பொருளை எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். அலிகாரில் ஆங்கிலேயரின் ஜான்ஸன் கம்பெனி 1870 வாக்கில் பூட்டு வியாபாரம் தொடங்கியது; அந்த ஊர் பெரிய பூட்டுச் சந்தையாயிற்று. பம்பாயில் ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1897-இல் பூட்டுத் தொழிலை ஆரம்பித்தார். இயந்திரத்தில் அடித்த தகடும் வார்த்த உடலும் கைப்பூட்டின் விலைக்கு வெகு கீழே வந்து நின்றன. வாங்குகிறவனுக்கு இரண்டும் ஒரே நாதாங்கியில்தான் தொங்கும். அவன் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டதில் அறப்பிழை எதுவும் இல்லை. திண்டுக்கல் கடைவீதியிலேயே வெளியூர்ப் பூட்டு விற்பனைக்குத் தொங்குவதைப் பார்த்து வருத்தப்படுகிறவர்கள், வருத்தத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் தொடங்க வேண்டும்.

5

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்குள்ள பூட்டுத் தொழிலாளர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் கேட்டுப் பெற்றது. சந்தோஷமான செய்திதான். அலிகார் பூட்டில் திண்டுக்கல் பெயரைப் பொறித்து விற்க முடியாது என்ற அளவுக்கு அது ஒரு பாதுகாப்பு. அதற்கு மேல் என்ன என்று யோசிக்க வேண்டும். குறியீடு பெயரைக் காக்கும், பொருளைக் காக்கும். கையைக் காப்பது அதன் அதிகாரத்தில் இல்லை. உருப்படிக் கூலியில் அரம் பிடித்தவரின் பிள்ளை அரம் பிடிக்க வரவில்லை. பட்டறைகள் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. பெயர் பத்திரமாக இருக்கிறது, ஒரு நல்ல பூட்டில் அகப்பட்டதைப் போல.

இதை ஒரு தொழிலின் அழிவு என்று ஒப்பாரியாக எழுதுவது சுலபம், எழுதியும் வருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அழிவது தொழில் மட்டும் என்றால் வேறு தொழில் வரும். இங்கே போய்க்கொண்டிருப்பது ஒருவித அறிவு. இரண்டு பாகங்களை அவை இருக்கும் இடத்திலேயே வைத்து ஒன்றுக்கொன்று சம்மதிக்கச் செய்யும் அறிவு. அது பட்டறையில் மட்டும் இருந்ததில்லை. தச்சரிடம் இருந்தது, கீல் மாட்ட வந்தவரிடம் இருந்தது, கைப்பிடியைத் தூக்கிச் சாத்திப் பார்க்கும் வீட்டுப் பெண்களிடம் இருக்கிறது. கதவைத் தூக்கிச் சாத்து என்று ஒரு பாட்டி சொன்னால், மேல்கீல் தளர்ந்திருக்கிறது என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். நாம் அதைக் கண்டுபிடிப்பாக மதிக்கவில்லை.

தொழிற்சாலையில் ஒட்டி வரும் பலகைக் கதவும், அதற்கென்று துளையோடு வரும் பூட்டும், எண் அழுத்தினால் திறக்கும் மின்பூட்டும் வந்துவிட்டன. அவை கெட்ட பொருள்கள் அல்ல. ஆனால் அவற்றை மாட்டும் சுவர் இங்கேதான் இருக்கிறது. சுவர் இறங்கும், நிலை சாயும், கார்த்திகை வரும். எங்கோ செய்த துல்லியத்தை இங்கே உள்ள ஒரு கோணலான நிலையோடு கூட்டிவைக்க ஒரு ஆள் வந்தாக வேண்டும். விற்பனைக்கு அனுப்ப முடியாததும், அதனால் அலிகார் போட்டியிட முடியாததும் அந்த ஒரு வேலைதான். இதைப் 'பூட்டு நகரம்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர் கவனித்திருக்க வேண்டும். பூட்டை வெளியூருக்கு அனுப்பியவர்களின் பெயர்கள் நினைவில் இருக்கின்றன. நாதாங்கி அறைந்தவர்கள் யார் என்று கேட்க ஊருக்குத் தோன்றவில்லை.

வட்டார வரலாறு எழுதுகிறவர்களிடம் என் கோரிக்கை சிறியது. கோட்டையை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடப் போவதில்லை. வீடுகள் அப்படியில்லை. பேகம்பூரிலும் நாகல் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளின் கதவுகளைப் போய்ப் பார்க்க வேண்டும். எது குடுமிக் கதவு, எதற்கு எப்போது கீல் மாட்டினார்கள், நாதாங்கி எத்தனை முறை இடம் மாறியிருக்கிறது என்பதெல்லாம் நிலையிலேயே எழுதியிருக்கிறது. பழைய துளையை அடைத்த மரச்சிம்பு ஒரு தேதி. அதற்குக் கீழே விழுந்த புதுத் துளை மற்றொரு தேதி. ஒரு கதவு எத்தனை வருஷத்தில் எவ்வளவு இறங்கியது, அதை எத்தனை பேர் வந்து சரிசெய்தார்கள் என்று ஒரு சாதாரண நிலைச்சட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

அவசரமும் இருக்கிறது. காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டுக் கதவுகள் விலைக்குக் கிடைக்கின்றன. கதவு தனி விலை, பூட்டு தனி விலை. வாங்குகிறவர்கள் கதவைப் படுக்கவைத்துக் கண்ணாடி போட்டு மேசையாக்குகிறார்கள். பூட்டை வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். இரண்டும் ஒரே வாசலைச் சேர்ந்தவையாகக்கூட இருக்கலாம். இனி அதை நிரூபிக்க முடியாது. அவை இரண்டும் எங்கே சந்தித்துக்கொண்டன என்பது, இடித்த சுவரோடு போன நிலைக்கு மட்டும் தெரியும்.